வைகை மணலில் திரித்த வடம்

கோரிப்பாளையம் என்றால் மதுரைக்காரர்கள் முதலில் தர்காவைச் சொல்வார்கள். அடுத்து தேவர் சிலை, பெரியாஸ்பத்திரி, ஏ.வி. பாலம், எந்த நேரமும் கூட்டம் நிற்கிற பஸ் ஸ்டாப். எனக்கு இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நினைவில் வருவது ஊறிய தேங்காய் மட்டையின் வாசனை. புளிப்பும் மண்ணும் கலந்த ஒரு வாடை அது. தர்காவிலிருந்து ஆற்றை நோக்கி இறங்குகிற சந்துகளில் வளர்ந்தவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். சாம்பிராணிப் புகை, ஆட்டுக்கால் சூப்பு, செல்லூர்ப் பக்கமிருந்து வரும் பாவுக் கஞ்சி என்று அந்த வட்டாரத்துக்குப் பல வாசனைகள் உண்டு. அத்தனைக்கும் நடுவே இது தனியாகத் தெரியும். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் நான் அங்கே சிறுவன்.

சந்து முனையில் ஒரு கயிற்றுக்கடை. பெயர்ப்பலகை கிடையாது, பாய் கடை என்றால் போதும். பெரியவர்கள் அவரை பாய் என்பார்கள், நாங்கள் மாமா என்போம். கடைக்குள் பகலிலும் இருட்டுதான். உத்தரத்திலிருந்து சுருள் சுருளாகத் தொங்கும்: கிணற்றுக்குத் தாம்புக்கயிறு, மாட்டுக்குப் பிடிகயிறு, சாரம் கட்ட இரண்டு பிரிக் கயிறு, கட்டில் பின்ன மெல்லிசுக் கயிறு, லாரிக்குக் கைப்பருமனில் வடம். கீழே பிரிமணைகளும் கால்மிதிகளும் அடுக்கியிருக்கும். மூலையில் ஒரு சாக்கு நிறைய வெறும் நார். அதற்கு விலை கிடையாது. பாத்திரம் விளக்க ஒரு கைப்பிடி நார் கேட்டு வருகிற பெண்களுக்கு மாமா சும்மா எடுத்துக் கொடுப்பார். பித்தளைக் குடமும் செம்பும் எந்த வீட்டிலும் சாம்பல், புளி, அந்த நார் மூன்றாலும்தான் பளபளத்தன.

கயிற்றை அவர் பாகத்தால் அளப்பார். இரண்டு கையையும் விரித்து, நெஞ்சை நிமிர்த்தி, ஒரு விரல்நுனியிலிருந்து மறு விரல்நுனிவரை ஒரு பாகம். உயரமான மனிதர், அதனால் அவரிடம் வாங்கினால் கொஞ்சம் கூடுதலாகவே கிடைக்கும் என்று பேச்சு. கயிறு நல்லதா என்று பார்க்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். கயிற்றை இரு கையாலும் எதிர்ப்பக்கமாகத் திருகினால் பிரிகள் கண் திறக்கிற மாதிரி விலகும். உள்ளே பழுப்புத் தூள் கொட்டினால் நாரைச் சரியாக உதறவில்லை என்று அர்த்தம். குட்டை குட்டையாக நார் நுனிகள் துருத்திக்கொண்டு நின்றால் இழுவைக்கு ஆகாது. "நார் ஒரு சாணாவது இருக்கணும் தம்பி. இல்லாட்டி ஒண்ணை ஒண்ணு புடிக்காது" என்பார். பின்னால் புத்தகத்தில் படித்தபோதும் அதே கணக்குத்தான் இருந்தது. தேங்காய் நார் பத்து சென்டிமீட்டரிலிருந்து முப்பது வரை நீளும். கயிற்றுக்கு வேண்டியது அதில் நீளமானது.

பெரியாஸ்பத்திரியை என் அப்பா கடைசிவரை எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்றே சொன்னார். தேனியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் நோயாளியைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள், எத்தனை நாள் தங்கவேண்டியிருக்கும் என்று தெரியாமல் வருகிறவர்கள், பாலத்துப் பக்கம் இறங்கி ஒரு பாயும் ஒரு தூக்குவாளியும் ரெண்டு பாகம் கயிறும் வாங்குவார்கள். கயிறு துணி காயப்போட. திரும்பிப் போகும்போது அதே கயிறு மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போகும். பாடைக்குக் கயிறு வாங்க வருகிறவர்களும் உண்டு. அவர்கள் முகத்தைப் பார்த்ததும் மாமா எழுந்துவிடுவார். வாய்விட்டுக் கேட்கும் முன்பே அளந்து சுருட்டிக் கையில் கொடுத்துவிடுவார். விலை பேசி நான் பார்த்ததில்லை.

கயிறு திரிக்க நீள இடம் வேண்டும். நூறடிக் கயிறு வேண்டுமென்றால் ஏறக்குறைய நூற்றைம்பது அடிக்குப் பிரியை இழுத்துக் கட்ட வேண்டும். முறுக்கு ஏற ஏற நீளம் உள்வாங்கிக்கொண்டே வரும். வீடும் வீடும் முட்டிக்கொண்டு நிற்கிற கோரிப்பாளையத்தில் அத்தனை நீளம் எங்கே கிடைக்கும்? செல்லூர் நெசவாளிகள் பாவு நீட்டத் தெருவை எடுத்துக்கொண்டார்கள். கயிறு திரிக்கிறவர்கள் ஆற்றில் இறங்கிவிட்டார்கள். வருஷத்தில் பெரும்பகுதி தண்ணீர் ஓடாத வைகை, ஆழ்வார்புரத்துப் பக்கம் வெண்மணலாகக் கிடக்கும். ஒருபுறம் சலவைத் தொழிலாளர்களின் வெள்ளாவிப் புகை, இன்னொருபுறம் கயிறு.

மணலில் இடுப்பளவு தோண்டினால் ஊற்று. அந்தக் குழியில் மட்டையைப் போட்டு மேலே கல் ஏற்றி ஊறவைப்பார்கள். ஊறிய மட்டையை ஒரு பாறாங்கல்லில் வைத்து மரக்கட்டையால் அடிப்பது பெண்கள் வேலை. ஒவ்வொரு அடிக்கும் சோறு தெறித்து விழும், அதாவது நாருக்கு நடுவே இருக்கிற பழுப்புச் சக்கை. முழங்கை வரை ஈரத்தூள் ஒட்டியிருக்கும். நாரை உதறி, மணலில் விரித்துக் காயப்போட்டு, சாயங்காலம் வாரிச் சிப்பமாகக் கட்டுவார்கள். வெயில் சாய்ந்த பிறகு ராட்டு சுற்ற ஆரம்பிக்கும். ஒரு பெண் ராட்டைச் சுற்ற, இன்னொருத்தி மடியில் நாரை வைத்துக்கொண்டு பின்னால் நடந்தபடியே விரல்களால் நாரை ஊட்டுவாள். விரலிடுக்கிலிருந்து நார் வழுக்கிப்போகாமல், கட்டியாகவும் போகாமல், ஒரே கனத்தில் இறங்க வேண்டும். பார்த்துக்கொண்டு நடக்கமாட்டாள். பேச்சு வேறெங்கோ இருக்கும், கண் குழந்தை மேல் இருக்கும், விரல் மட்டும் வேலை செய்துகொண்டிருக்கும். அந்த விரல் நுனிகள் வெடித்துக் கறுத்து, காய்ப்புக் காய்த்துப் போயிருந்தன.

வடம் முறுக்குவது ஆண்களும் சேர்ந்து செய்கிற வேலை. மூன்று பிரிகளை ஒரு முனையில் மூன்று கொக்கியில் மாட்டி, மறுமுனையில் ஒன்றாகச் சேர்த்து ஒற்றைக் கொக்கியில் மாட்டுவார்கள். அந்த ஒற்றைக் கொக்கி ஒரு சறுக்குக் கட்டையில் பதித்திருக்கும், கட்டை மேல் பாரத்துக்குக் கல். பிரிகளுக்கு நடுவே மூன்று பள்ளம் வெட்டிய கூம்புக்கட்டையைச் செருகி ஒருவர் பிடித்துக்கொள்வார். பிரிகளை ஒரு பக்கமாக முறுக்க, மறுமுனையில் கயிறு எதிர்ப்பக்கமாகச் சுழன்று சேரும். கூம்புக்கட்டை மெல்ல முன்னேற, அதற்குப் பின்னால் வடம் பிறந்துகொண்டே வரும். கல் ஏற்றிய சறுக்குக் கட்டை மணலைக் கீறிக்கொண்டு தானே நகர்ந்து வரும். எங்களுக்கு அதில்தான் ஆச்சரியம், யாரும் இழுக்காமல் கல் நகர்கிறதே என்று. பிரியின் முறுக்கு அவிழப் பார்க்கிறது. வடத்தின் முறுக்கு அதற்கு எதிர்த்திசையில் அவிழப் பார்க்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்துவதால் கயிறு கயிறாக இருக்கிறது. இதைப் பௌதிக வாத்தியார் சொல்லித் தந்திருந்தால் மறந்திருப்பேன்.

மட்டை எங்கிருந்து வந்தது என்றால் பெரும்பாலும் சோழவந்தான், வாடிப்பட்டி, அலங்காநல்லூர்த் தோப்புகளிலிருந்து. வறண்ட மதுரைச் சமவெளியில் தென்னந்தோப்பு இவ்வளவு பரந்து நிற்கக் காரணம் 1895-ல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை. மேற்கே அரபிக்கடலுக்குப் போகவிருந்த தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே திரும்பி வைகைக்கு வந்தது. வாய்க்கால் வந்த இடத்தில் நெல்லும், வரப்பில் தென்னையும், சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலும் வந்தன. அந்த அணையைக் கட்டிய பென்னிகுவிக்கை மேலூர்க்காரர்களும் தேனிக்காரர்களும் கும்பிடுவது சோற்றுக்காக. கோரிப்பாளையத்துக் கயிற்றுக்கும் அவர்தான் மூலம் என்று எனக்குத் தோன்றும்.

என் அப்பாவின் ஊர் அந்த வாய்க்கால் எட்டாத மானாவாரிப் பக்கம். அங்கே கிணறும் கமலையும்தான். மாடு சரிவில் இறங்க, பறி நிறையத் தண்ணீர் மேலே வரும். பறியைத் தாங்குவது வடம், தோல் தும்பியை இழுப்பது வால்கயிறு. ஒரு நாளில் அந்த வடம் எத்தனை தரம் நனைந்து, காய்ந்து, உருளையில் உரசி மீண்டும் நனையும் என்று யோசித்துப் பாருங்கள். பருத்தியோ சணலோ தாங்காது, இற்றுவிடும். தேங்காய் நாரில் நாற்பது சதவீதத்துக்கு மேல் லிக்னின், மரத்தை மரமாக நிறுத்துகிற பொருள். அதனால் அது தண்ணீரில் எளிதில் மக்குவதில்லை, உப்புநீரில்கூட. தண்ணீரில் மிதக்கவும் செய்யும். அறுபதுகளில் கரண்ட் மோட்டார் கிணற்றுக்குக் கிணறு வந்தபோது கமலை நின்றது, வடத்தின் தேவையும் நின்றது. அப்பா மதுரைக்குப் பிழைக்க வந்ததும் அந்தச் சமயத்தில்தான். பாய் கடை வாசலில் நின்று வடத்தை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு, வாங்காமல் திருப்பி வைப்பார். "என்னண்ணே, கெணறு வெட்டப் போறீகளா?" என்று மாமா கேட்பார். அப்பா சிரிப்பார். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் ஒவ்வொரு தரமும் தொட்டுப் பார்ப்பார்.

உப்புநீர் என்றதும் சொல்ல வேண்டிய ஆள் இபின் பதூதா. மொராக்கோவில் பிறந்து உலகம் சுற்றிய இந்தப் பயணி 1340-களில் மாலத்தீவில் காஜியாக, அதாவது நீதிபதியாக இருந்தார். அங்கே தேங்காய் மட்டையைக் கடற்கரைக் குழிகளில் ஊறப்போட்டுக் கட்டையால் அடித்து நாரெடுப்பதையும், அதைப் பெண்கள் நூற்பதையும், அந்தக் கயிறு சீனாவுக்கும் இந்தியாவுக்கும் ஏமனுக்கும் கப்பலேறுவதையும் எழுதி வைத்திருக்கிறார். இந்தியா, ஏமன் நாட்டுக் கப்பல்களை ஆணி அடிக்காமல் இந்தக் கயிற்றால்தான் தைத்தார்கள் என்கிறார். காரணமும் சொல்கிறார். ஆணியடித்த கப்பல் பாறையில் மோதினால் உடையும், கயிற்றால் தைத்தது வளைந்து கொடுக்கும். ஊறப்போடும் குழி, மரக்கட்டை, நூற்கிற பெண் என்று அறுநூறு வருஷத்துக்கு முந்திய அந்தப் பத்தியில் இருப்பது அப்படியே நான் ஆழ்வார்புரத்து மணலில் பார்த்ததுதான். படித்தபோது உடம்பு சிலிர்த்தது.

அதற்கடுத்து அவர் போன ஊர்களில் ஒன்று எங்கள் ஊர். மாலத்தீவிலிருந்து இலங்கை, அங்கிருந்து புயலில் சிக்கிச் சோழமண்டலக் கரை, பிறகு மதுரை. அப்போது மதுரையை ஆண்ட சுல்தான் கியாசுத்தீன் தாம்கானி அவருக்குச் சகலை. இருவரும் மதுரை சுல்தானகத்தை நிறுவிய ஜலாலுத்தீன் அஹ்சன் ஷாவின் மகள்களைக் கட்டியவர்கள். சகலை என்று பார்க்காமல், அந்த சுல்தான் போரில் பெண்களையும் குழந்தைகளையும் கொன்ற கொடுமையை பதூதா மனம் கசந்து எழுதியிருக்கிறார். அந்த நேரத்தில் மதுரையில் கொள்ளைநோய். காய்ச்சல் கண்ட பதூதா புளியைக் கரைத்துக் குடித்துப் பிழைத்தாராம். அந்த சுல்தானக மரபோடு சேர்த்துச் சொல்லப்படுகிறவைதான் எங்கள் தர்காவில் அடங்கியிருக்கும் அலாவுத்தீன், சம்சுத்தீன் பாதுஷாக்களின் சமாதிகள். அழகர்மலையிலிருந்து வந்த கல் என்று தர்காவின் குவிமாடத்தைச் சொல்வார்கள். 1573-ல் வீரப்ப நாயக்கர் அந்தத் தர்காவின் நிலமானியத்தை உறுதிசெய்திருக்கிறார். கயிற்றின் கதையைச் சொல்கிற எல்லோரும் ஆலப்புழையில் ஆரம்பித்து லண்டனில் முடிக்கிறார்கள். எனக்கு அது குறையாகவே படும். அந்தக் கயிற்றைப் பற்றி எழுதிய மனிதரின் கால் எங்கள் ஊர் மண்ணிலும் பட்டிருக்கிறது.

சித்திரை வந்தால் பாய் கடையில் நிற்க இடம் இருக்காது. அழகர் மலையிலிருந்து இறங்கி, தல்லாகுளத்தில் எதிர்சேவை கண்டு, பௌர்ணமியன்று ஏ.வி. பாலத்தருகே ஆற்றில் இறங்குகிறவரை வழிநெடுக மண்டகப்படி. ஒவ்வொன்றுக்கும் பந்தல். மூங்கிலும் சவுக்கும் கீற்றும் கயிறும் மட்டுமே அன்றைய பந்தல். கயிற்றை முந்தின ராத்திரியே தொட்டியில் ஊறப்போடுவார்கள். ஈரக்கயிறு சொன்னபடி வளையும், முடிச்சு உள்ளே ஒட்டிக்கொள்ளும். பந்தல்காரர்கள் முடிச்சு போடுவதைப் பார்த்தால் விரலா கயிறா என்று தெரியாது. குறுக்கு மூங்கிலைச் சேர்த்து இரண்டு சுற்று, நடுவில் நெருக்கி ஒரு சுற்று, நுனியைக் கட்டையால் முறுக்கி உள்ளே செருகல். அவிழ்க்கும்போது நுனியை இழுத்தால் போதும். அந்தக் கயிறு அடுத்து தர்காவின் சந்தனக்கூட்டுக்கு வரும். அதற்கடுத்து யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ போகும். அழகருக்குக் கட்டிய கயிறு தர்கா விழாவுக்கும் கட்டும் என்பது எங்கள் பக்கத்தில் யாரும் தனியாக எடுத்துச் சொல்லுகிற விஷயம் இல்லை. கயிறு மாமாவுடையது, பந்தல் மாரியம்மன் கோயில் தெருக்காரருடையது, வாடகைக் கணக்கு ஒரே நோட்டில் இருந்தது.

சாரமும் அப்படித்தான். 1995-ல் மீனாட்சியம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்குக் கோபுரங்களில் சாரம் ஏறியபோது நான் கல்லூரி முடித்திருந்தேன். நூற்றெழுபது அடி உயரத் தெற்குக் கோபுரம் முழுக்கக் கட்டைகளால் மூடி, அதன் ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு கயிற்று முடிச்சு. சிற்பத்தில் ஆணி அடிக்கக்கூடாது, இரும்பு உரசினால் சுதை பெயரும். நார்க்கயிறு சிற்பத்தின் ஒரு விரலைக்கூடக் கீறாமல் நிற்கும். அதன் மேல் நின்று வண்ணம் தீட்டியவர்களின் உயிர் அந்த முடிச்சுகளில் இருந்தது.

நாரைப் பற்றிப் பேசும்போது கிரிக்கெட்டையும் விட்டுவிட முடியாது. புல் பிட்ச் வைத்துப் பராமரிக்க வசதியில்லாத மைதானங்களில் நார் விரிப்பை இழுத்து, ஓரங்களில் ஆணியடித்து மேட்டிங் பிட்ச் போடுவார்கள். விரிப்பு தளர்ந்திருந்தால் பந்து தாழும், விறைப்பாக இருந்தால் மார்புக்கு ஏறும். ஆட்டம் தொடங்கும் முன் நாலு பேர் மூலைக்கு ஒருவராக நின்று மூச்சுப் பிடித்து இழுப்போம். 1956-ல் கராச்சியில் மேட்டிங் பிட்ச்சில் ஆஸ்திரேலியாவை 80 ரன்னில் சுருட்டிய பாகிஸ்தானின் ஃபசல் மஹ்மூத் எங்கள் அணியின் வேகப்பந்து வீச்சாளர்களுக்கெல்லாம் மானசீக குரு.

எங்கள் ஆற்றுமணல் தொழில் சின்னது. பெரிய தொழில் கேரளத்தில் இருந்தது. 1859-ல் அமெரிக்கரான ஜேம்ஸ் டாரா, ஹென்றி ஸ்மெயிலோடு சேர்ந்து ஆலப்புழையில் முதல் கயிற்றுப் பாய்த் தொழிற்சாலையைத் தொடங்கினார். அங்கே பச்சை மட்டையைக் காயலில் ஆறு மாதத்திலிருந்து பத்து மாதம்வரை அழுகவைப்பார்கள். அப்படி வருவது வெளிறிய பொன்னிற நார். அழுகிய காயல் நீரில் இடுப்பளவு நின்று மட்டையை எடுத்து அடித்தவர்களும் பெண்களே. 1922-ல் திருவிதாங்கூரின் முதல் தொழிற்சங்கத்தைக் கட்டியது அந்த ஊர்க் கயிற்றுத் தொழிலாளர்கள்தான். 1946-ல் புன்னப்புரா வயலார் கிளர்ச்சியில் துப்பாக்கிக்கு முன் நின்றவர்களிலும் அவர்கள் ஏராளம். 1953-ல் கயிற்றுத் தொழிலுக்கென்று மத்திய அரசு சட்டம் போட்டு வாரியம் அமைத்தபோது அதைக் கொச்சியில் வைத்தது இயல்பான காரியம்.

எழுபதுகளில் மட்டையடிக்கும் இயந்திரம் வந்தது. கையால் அடித்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான பெண்களின் வேலை போய்விடும் என்று கேரளத்தில் எதிர்ப்பும் கட்டுப்பாடும் எழுந்தன. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஆனால் இயந்திரம் எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது. காயல் இல்லாத, முற்றிய காய்ந்த மட்டை மலைபோல் குவிகிற, அதை அடுப்புக்கும் சூளைக்கும் எரித்துக்கொண்டிருந்த பொள்ளாச்சியும் உடுமலையும், எங்களுக்குப் பக்கத்தில் சிங்கம்புணரியும் நார் ஊர்களாயின. இன்று கேரளத்துக் கயிற்றுத் தறிகளுக்கு வேண்டிய நாரில் பெரும்பங்கு தமிழ்நாட்டிலிருந்து லாரியில் போகிறது.

சிங்கம்புணரிக்கு மேலூர், கொட்டாம்பட்டி வழியாகப் போக வேண்டும். ஊரை நெருங்கும்போதே சாலையோரங்களில் பொன்பழுப்பில் நார் விரித்துக் காய்வதைப் பார்க்கலாம். நார் மில்லில் ஆயிரம் மட்டை போட்டால் எண்பது, தொண்ணூறு கிலோ நார் வரும், அதைப்போல ஏறக்குறைய இரண்டு பங்கு தூள் வரும். சுழலும் உருளைப் பற்களுக்கு முன்னால் மட்டையை ஊட்டுகிறவர்கள் பார்வையை எடுக்க முடியாது. பழுப்புத் தூசி புகைபோலக் கிளம்பிக்கொண்டே இருக்கும். முந்தானையை மூக்குக்கு மேல் இழுத்துக் கட்டிக்கொண்டு, கைப்பிடி கைப்பிடியாக நாரை உதறிக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். "இருமலு ராத்திரிக்குத்தான் தெரியும்ண்ணே, பகல்ல வேலை ஓட்டத்துல தெரியாது" என்றார். கயிறு முறுக்கும் அறையில் மோட்டார் ராட்டு, உட்கார்ந்தே நாரை ஊட்டுகிறார்கள். விரல் அசைவு மட்டும் நான் ஆற்று மணலில் பார்த்த அதே அசைவு. அதை அந்த மோட்டார் செய்யவில்லை. அந்த விரல்களுக்குக் கொடுக்கிற கூலியைப் பார்த்தால் வயிறு எரிகிறது. இந்தியாவின் கயிற்றுப் பொருள் ஏற்றுமதி 2020-21-ல் 3,778 கோடி ரூபாயைத் தொட்டது. அந்தக் கோடியின் அடிவேர் அந்த அக்காவின் விரலிடுக்கில் இருக்கிறது. மூக்குக்கு ஒரு நல்ல முகக்கவசமும் தூசியை உறிஞ்சி வெளியே தள்ளும் விசிறியும் அந்த மில்லுக்கு எட்டாத செலவா?

உலகத்தில் கிடைக்கிற தேங்காய் நாரில் பத்தில் ஒன்பது பங்கு இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும்தான். இலங்கையில் குருநாகல் பக்கத்து ஆலைகளில் சீப்புப் பற்களில் வாரி எடுக்கிற நீளமான முரட்டு நார், ஐரோப்பாவின் துடைப்பங்களுக்கும் தூரிகைகளுக்கும் போனது. தெற்கே கொக்கல ஏரிப் பக்கம் பெண்கள் இன்னமும் மட்டையை நீரில் புதைத்துக் கையால் அடிக்கிறார்கள். ஜெர்மன் கார்களின் இருக்கைக்குள் ரப்பர் பூசிய நார் மெத்தை ஒரு காலத்தில் இருந்தது. பொள்ளாச்சி நாருக்குச் சீனா பெரிய வாடிக்கை, மெத்தை செய்ய. அங்கே வாங்குவது குறைந்தால் இங்கே மில்கள் மூடுகின்றன.

வேடிக்கை என்னவென்றால், நார் மில்காரர்கள் முன்பு தொலைத்துக்கட்ட வழி தெரியாமல் குவித்து வைத்திருந்த தூள்தான் இன்று நாரைவிட அதிகம் சம்பாதிக்கிறது. அந்தப் பழுப்புத் தூள் தன் எடையைப்போல எட்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்பு போகக் கழுவி, காயவைத்து, ஐந்து கிலோ கட்டிகளாக அழுத்தித் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஏற்றுகிறார்கள். ஹாலந்துக் கண்ணாடிக் கூடங்களில் தக்காளியும் குடைமிளகாயும் ஸ்ட்ராபெர்ரியும் மண்ணே இல்லாமல் அதில் வளர்கின்றன. கயிற்று ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழப் பாதி இந்தத் தூளால் வருவது. எங்கள் ஆற்றுப் பெண்கள் முழங்கையிலிருந்து வழித்துப் போட்ட அதே சோறு. கழுவுவதற்கு ஆகிற தண்ணீர் மட்டும் எனக்கு நெருடுகிறது. மழை பொய்த்தால் குடிநீருக்கு லாரி பார்க்கிற ஊர்களின் நிலத்தடி நீர் அது. கழுவிய பழுப்பு நீர் கிணறுகளில் இறங்குகிறது என்று மேற்கு மாவட்ட விவசாயிகள் போராடியிருக்கிறார்கள். மில்காரர்களும் விவசாயிகளும் ஒரே ஊர்க்காரர்கள், பல இடங்களில் ஒரே குடும்பம். தீர்வு அவர்களுக்குள் பேசித்தான் வர முடியும், தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துகிற செலவை அரசும் பங்கிட்டுக்கொண்டால்.

கோரிப்பாளையத்தில் இப்போது கயிறு திரிக்க ஆற்றில் மணல் இல்லை. மணலை அள்ளியாயிற்று. அள்ளிய இடத்தில் சாக்கடையும் ஆகாயத்தாமரையும் சீமைக்கருவேலமும். இரு கரையிலும் சுவர் எழுப்பிச் சாலை போட்டிருக்கிறார்கள். ஆற்றில் இறங்கிய அந்தக் குடும்பங்கள் எங்கே போயின என்று விசாரித்தேன். சிலர் கட்டட வேலைக்கு, சிலர் திருப்பூருக்கு. ராட்டு வைத்திருந்த ஒருவரும் இன்று அங்கே இல்லை. கிணறுகள் மூடப்பட்டபோது தாம்புக்கயிறு போனது, பிளாஸ்டிக் குடம் வந்தபோது பிரிமணை போனது, நைலான் கட்டில் வந்து கட்டில் கயிறு போனது. மேம்பால வேலைக்கு ஏறிய சாரம் முழுக்க இரும்புக் குழாயும் திருகாணியும். பாய் கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். மாமா காலமாகி வெகுநாளாயிற்று.

போன சித்திரைக்கு முந்தின வாரம் தல்லாகுளத்துப் பக்கம் ஒரு பந்தல்காரர் பிளாஸ்டிக் வாளியில் நார்க்கயிற்றை ஊறவைத்துக்கொண்டிருந்தார். நின்று கேட்டேன். கூரை தகரம்தான், கால்கள் இரும்புதான், முகப்புக்கு மட்டும் மூங்கிலும் வாழைமரமும் தோரணமும் என்றார். அதற்கு நைலான் ஆகாதாம். "மூங்கில்ல வழுக்கும்ண்ணே. வாழைத்தண்டை அறுத்துப்புடும். வெயில் ஏற ஏறத் தளந்துபோகும். இது காயக் காயப் புடிக்கும்." எங்கே வாங்கினீர்கள் என்றேன். சிங்கம்புணரிதானாம், வருஷத்துக்கு ஒரு தரம் நேரில் போய் எடை போட்டு வாங்கி வருவாராம். கிலோ விலை சொன்னார், நைலானைவிடக் குறைவு. ஒரு சுருளை எடுத்து எதிர்ப்பக்கமாகத் திருகிப் பார்த்தேன். தூள் கொட்டவில்லை. நாரும் ஒரு சாணுக்குக் குறையாமல் இருந்தது. எனக்கும் ஐந்து கிலோ சேர்த்து வாங்கி வரச் சொல்லி முன்பணம் கொடுத்திருக்கிறேன். வீட்டுப் பின்கட்டில் அப்பாவின் கட்டில் சட்டம் வெறுமையாகக் கிடக்கிறது, அதைப் பின்ன வேண்டும்.